எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம்?

1955 ஜனவரியில் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சி திறந்தது. 68 நாடுகள், 273 பேர் எடுத்த 503 படங்கள். கண்காட்சியை உருவாக்கிய எட்வர்ட் ஸ்டைக்கனும் அவருடைய உதவியாளர் வேய்ன் மில்லரும் ஏறத்தாழ 20 லட்சம் படங்களைச் சலித்து அந்த 503-ஐ எடுத்திருந்தார்கள். காதல், கல்யாணம், பிரசவம், உழைப்பு, சாவு என்று மனித வாழ்க்கை சுவர்களில் ஒரே ஓட்டமாக ஓடியது. திறந்த கொஞ்ச நாளில் அதில் ஒரு படம் மட்டும் இறக்கப்பட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் கும்பலால் மரத்தில் கட்டிக் கொல்லப்பட்ட ஒரு கறுப்பின மனிதரின் படம் அது. பார்வையாளர்கள் அதன் முன்னால் நின்றுவிட்டார்கள். ஓட்டம் அறுந்தது. எடுத்துவிட்டார்கள்.

புகைப்படக் கண்காட்சியை உருவாக்கும் கியூரேட்டரின் வேலை என்ன என்று கேட்கும் இளைஞர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும். நல்ல படத்தைக் கண்டுபிடிப்பது இந்த வேலையின் எளிய பகுதி. கண் உள்ள யாரும் அதைச் செய்துவிடலாம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம் நிற்கிறது, அங்கே பார்வையாளரின் கால் நிற்குமா நகருமா என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஸ்டைக்கன் அந்தப் படத்தை இறக்கியது தவறு என்றே நான் நினைக்கிறேன். பார்வையாளர்கள் நின்றார்கள் என்றால் நிற்பதற்கு அதற்கொரு தனிச் சுவர் கொடுத்திருக்க வேண்டும். கண்காட்சி பாரிஸுக்குப் போனபோது, இது வரலாற்றைத் துடைத்துவிட்டு எல்லோரும் ஒன்று என்கிறது எனப் பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் கடுமையாக எழுதினார். அந்த விமர்சனத்தின் வேர் இதுபோன்ற முடிவுகளில் இருக்கிறது. ஆனால் அதே ஸ்டைக்கன்தான் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நடுவே ஹைட்ரஜன் குண்டு வெடிப்பை மட்டும் வண்ணத்தில், பின்னாலிருந்து ஒளியூட்டி, ஆள் உயரத்துக்குப் பெரிதாக வைத்தார். அங்கே நிற்காமல் யாரும் நகர முடியவில்லை. எந்தப் படம் எங்கே என்ற முடிவுக்கு எவ்வளவு பலம் என்பதை இரண்டிலும் பார்க்கலாம்.

கேள்வியோடு தொடங்குங்கள்

‘மீனவர் வாழ்க்கை’ என்பது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எந்தப் படத்தையும் உள்ளே விடலாம், எதையும் வெளியே தள்ள முடியாது. ‘படகிலிருந்து இறங்கும் மீனின் விலையை யார் முடிவு செய்கிறார்கள்?’ என்பது கேள்வி. கேள்வி வந்ததும் சூரிய உதயத்தில் கட்டுமரம் நிற்கும் அழகான படங்கள் தாமாகவே ஒதுங்கிவிடும். ஏலம் கூவுபவரின் முகமும், கூடையோடு காத்திருக்கும் பெண்களின் முகமும் முன்னால் வரும். 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலேயின் நான்காம் பதிப்பு, ஏன் புகைப்படம் எடுக்கிறோம் என்ற கேள்வியையே பெயராக வைத்துக்கொண்டது. உங்கள் கண்காட்சிக்கு அவ்வளவு பெரிய கேள்வி தேவையில்லை. ஆனால் ஒரே வாக்கியத்தில், தொடர்பில்லாத ஒருவருக்குப் புரியும்படி சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று. கேள்வியைப் படங்கள் மாற்றும். மாற்றட்டும். 300 படங்களைப் பார்த்த பிறகும் முதல் நாள் எழுதிய வாக்கியம் அப்படியே இருந்தால், நீங்கள் படங்களைப் பார்க்கவில்லை, உங்கள் வாக்கியத்துக்குச் சாட்சி தேடியிருக்கிறீர்கள்.

தரையில் பரப்புங்கள்

திரையில் தேர்வு செய்யாதீர்கள். திரை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டும்; சுவரோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காட்டும். அதனால் எல்லாவற்றையும் 4x6 அளவில் அச்செடுத்துத் தரையில் பரப்புங்கள். ஸ்டூடியோக்களில் போடும் சாதாரண பிரிண்ட் போதும். நின்றபடி பாருங்கள், நடந்தபடி பாருங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்கள் இருந்தால் ஒன்று போக வேண்டும். பல நேரம் போக வேண்டியது ‘சிறந்த’ படம்தான், ஏனென்றால் அது தன் பக்கத்துப் படத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 300-லிருந்து 80-க்கு வருவது ஒரு நாள் வேலை. 80-லிருந்து 40-க்கு வர வாரங்கள் ஆகும். அந்த வாரங்களுக்கு உங்கள் அட்டவணையில் இடம் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பெரும்பாலோர் வைப்பதில்லை.

ஒரு படத்தை எடுக்கப் புகைப்படக்காரர் பட்ட பாடு அந்தப் படத்தில் தெரியாது. மூன்று நாள் மலையேறி எடுத்த படம் என்பதால் அது அவருக்கு உயிர். பார்வையாளருக்கு அது இன்னொரு மலை. இதை அவரிடம் சொல்வதுதான் இந்தத் தொழிலின் கடினமான உரையாடல். மூத்தவர் என்றால் இன்னும் கடினம். ‘இந்தப் படம் வேண்டாம் சார்’ என்று சொல்லாதீர்கள். இரண்டு வரிசையையும் தரையில் வைத்துக் காட்டுங்கள். ‘சார், இது இருக்கும்போது ஒரு தடவை நடந்து பாருங்க. எடுத்துட்டு இன்னொரு தடவை நடந்து பாருங்க. எதுல நீங்க நிக்கிறீங்கன்னு மட்டும் சொல்லுங்க.’ பாதிப் பேர் தாமாகவே குனிந்து அந்தப் படத்தை எடுத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் தோற்றுப் போகத் தயாராக இருங்கள், ஆனால் ஓரிரு படங்களில் மட்டும். கேள்வியையே மாற்றும் படமென்றால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புகைப்படக்காரருக்குப் பக்கபலமாக நிற்பதும் கியூரேட்டரின் வேலை. 1976-இல் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் கியூரேட்டர் ஜான் சார்கோவ்ஸ்கி, வில்லியம் எகிள்ஸ்டன் என்ற அமெரிக்கத் தென்மாநிலக்காரரின் 75 வண்ணப் படங்களை மாட்டினார். மூன்று சக்கர சைக்கிள், அடுப்பின் உட்புறம் என்று அன்றாடப் பொருள்கள். வண்ணம் விளம்பரத்துக்குத்தான், கலைக்கு இல்லை என்று பலரும் நம்பிய காலம். விமர்சகர்கள் கிழித்தார்கள். சார்கோவ்ஸ்கி பின்வாங்கவில்லை. இன்று வண்ணப் புகைப்பட வரலாற்றை அந்தக் கண்காட்சியைத் தவிர்த்து யாரும் எழுதுவதில்லை.

வரிசை அமைப்பதற்கு நம்மிடமே நல்ல இலக்கணம் இருக்கிறது. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக்கொடுத்த கச்சேரி முறையை நினைத்துக்கொள்ளுங்கள். வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கி, சிறிய கீர்த்தனைகளில் காதைத் தயார்செய்து, பிரதான உருப்படிக்கு நேரம் கொடுத்து, துக்கடாக்களில் இளைப்பாற விடுகிறது அது. எடுத்தவுடன் உங்கள் கனமான படத்தை வைத்தால் பார்வையாளர் மூன்றாவது சுவருக்குள் களைத்துவிடுவார்.

சுவர்

வாடகைக்கு இடம் பேசும் அன்றே டேப்போடு போங்கள். சுவரின் நீளம், உயரம், ஸ்விட்ச் போர்டு இருக்கும் இடம், தூண், ஜன்னல் எந்தப் பக்கம், மாலை நான்கு மணிக்கு வெயில் எங்கே விழுகிறது, சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா அல்லது மேலே கம்பியிலிருந்துதான் தொங்கவிட வேண்டுமா. இவ்வளவும் நோட்டில் இருக்க வேண்டும். பிறகு சன்போர்டு அட்டையில் இருபதில் ஒரு பங்கு அளவில் அறையைச் செய்து, கட்டைவிரல் அளவுப் படங்களை ஒட்டிப் பாருங்கள். கணினியிலும் செய்யலாம். ஆனால் அட்டை மாதிரிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கும்போது வாசலில் நிற்பவருக்கு முதலில் தெரிவது எது என்பது புரியும். அதுதான் உங்கள் முதல் படம், வரிசை எண் என்ன சொன்னாலும் சரி.

மாட்டும் உயரம்: படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்துக்குள் இருப்பது உலகெங்கும் வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் 54-க்கு இறக்குங்கள். ஆணி அடிக்கும் இடத்துக்கு எளிய கணக்கு உண்டு. நடுப்புள்ளி உயரத்தோடு பிரேம் உயரத்தின் பாதியைக் கூட்டுங்கள். பின்னால் உள்ள கம்பியை இழுத்துப் பிடித்தால் அது பிரேமின் மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். நடு 58 அங்குலம், பிரேம் 24 அங்குலம், கம்பி 3 அங்குலம் கீழே என்றால் 58 கூட்டல் 12 கழித்தல் 3, அதாவது 67 அங்குலத்தில் ஆணி. லேசர் லெவல் வாடகைக்குக் கிடைக்கும். கண்ணளவை நம்பாதீர்கள்.

பெரிய அச்சுக்கு ஆசைப்படும் முன் கோப்பைப் பாருங்கள். 24x36 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 7200x10800 பிக்சல் வேண்டும். இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 புள்ளியே ஓரளவு தாங்கும், அதற்கு 3600x5400 போதும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எந்த அச்சகமும் காப்பாற்ற முடியாது. மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம் இன்னொரு எதிரி. கண்ணாடி அச்சைத் தொட்டால் நாளடைவில் ஒட்டிக்கொள்ளும். இடையில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி கொடுக்கச் சொல்லுங்கள். எதிரே ஜன்னல் இருந்தால் கண்ணாடியில் படம் தெரியாது, பார்ப்பவரின் சட்டைதான் தெரியும்.

பழைய படங்கள் என்றால் விதிகள் இறுகும். ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1856-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர் கேப்டன் லினியஸ் ட்ரைப். மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று காகித நெகட்டிவ்களோடு சுற்றியவர். 1858-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கினார். இதை நீங்கள் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழங்காலக் காகித அச்சு என்பதால் ஒளி 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. அது மங்கலான அறை. கண் பழக நேரம் வேண்டும், எனவே வெயிலிலிருந்து வருபவர் நேராக அதன் முன் போய் நிற்கும்படி வைக்க முடியாது. இரண்டு அறை தள்ளி, படிப்படியாக வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். 19 அடியை ஒரே இடத்தில் நின்று பார்க்கவும் முடியாது. பார்வையாளர் நடந்தாக வேண்டும். கோவிலில் அந்தக் கல்வெட்டைப் படிப்பவரும் நடந்துதான் படிக்கிறார். எனவே எந்தப் பக்கமிருந்து நடக்க வைக்கிறீர்கள் என்பது உங்கள் முடிவு. கல்வெட்டின் எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. அந்தத் திசையிலேயே நுழைவாயிலை வைத்தால், எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் படிப்பவரின் நடையில் நடப்பார். எதிரே இன்னொரு பெரிய படத்தை வைத்தால் அந்த நடை கெடும். அந்தச் சுவரை வெறுமையாக விடுங்கள். ஒரே ஒரு படத்துக்காக ஒரு முழுச் சுவரைச் சும்மா விடச் சொன்னால் அமைப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். அப்போது வாதாடுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இன்றைய பிக்மென்ட் அச்சுகளுக்கு 150, 200 லக்ஸ் வரை தரலாம். நிறத்தைச் சரியாகக் காட்டும் எல்இடி விளக்குகளைக் கேட்டு வாங்குங்கள். அச்சகத்தில் படத்தின் நிறத்தைச் சரிபார்க்கும்போது அந்த விளக்கில் ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

உரிமையும் ஒப்புதலும்

சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்துவந்த விவியன் மேயர் வாழ்நாள் முழுக்கத் தெருவில் படமெடுத்தார், யாருக்கும் பெரிதாகக் காட்டவில்லை. 2007-இல் அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் ஏலத்தில் போயின. அவர் 2009-இல் இறந்த பிறகு உலகப் புகழ். 2014-இல் வழக்கு வந்தது: பெட்டியை வாங்கியவருக்குக் காப்புரிமை உண்டா, வாரிசுகள் யார்? பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவருக்குப் பிலிம் சொந்தம், காப்புரிமை தானாக வந்துவிடாது. பழைய ஸ்டூடியோவைக் காலி செய்யும்போது கிடைத்த ஆல்பத்தைக் கொண்டுவந்து ‘கண்காட்சி போடலாமா?’ என்று கேட்பவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இந்தியச் சட்டப்படி, புகைப்படத்தின் காப்புரிமை, எடுத்தவரின் ஆயுள் முழுக்கவும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும். எடுத்தவரே ஆசிரியர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். எனவே அந்தக் கால ஸ்டூடியோக் கல்யாணப் படங்களுக்கு ஸ்டூடியோக்காரரிடம் மட்டும் கையெழுத்து வாங்கினால் போதாது. பத்திரிகையில் வேலை பார்த்தபோது எடுத்த படமென்றால் நிறுவனத்துக்கும் புகைப்படக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தத்தைப் பார்க்காமல் அச்சிடாதீர்கள்.

சட்டத்துக்கு அப்பால் ஓர் ஆள் இருக்கிறார், படத்தில் இருப்பவர். அவர் திறப்பு விழாவுக்கு வந்து தன் படத்தின் முன் நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்? பிள்ளையின் பிணத்தின் மேல் விழுந்து அழும் தாயின் படம் செய்தித்தாளில் ஒரு நாள் இருப்பதும், குளிரூட்டிய அறையில் ஐந்து அடி அகலத்தில் ஒரு மாதம் தொங்குவதும் ஒன்றல்ல. முடிந்தவரை தேடிப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் இறக்கிவிடுங்கள். அந்தப் படம் இல்லாமல் கண்காட்சி நிற்காதென்றால், கண்காட்சியின் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

படக்குறிப்பு

படத்தில் தெரிவதைக் குறிப்பில் எழுதாதீர்கள். தெரியாததை எழுதுங்கள்: பெயர், ஊர், ஆண்டு, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று. கலெக்டருக்குப் பெயர் போட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்பவரைத் ‘தொழிலாளி’ என்று விடுவது நம் கண்காட்சிகளில் இன்னும் தொடர்கிறது. அந்தப் பெயரைத் தேடுவதும் கியூரேட்டர் வேலைதான். தமிழ்நாட்டில் நடக்கும் கண்காட்சியில் தமிழ்க் குறிப்பு முதலில், அதே எழுத்தளவில், தமிழிலேயே யோசித்து எழுதப்பட்டதாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி நாளில் மொழிபெயர்க்கக் கொடுத்ததை எவரும் இரண்டு வரிக்கு மேல் படிப்பதில்லை. 60, 70 சொல் போதும். ஒட்டுவதற்கு முன் அரங்கத்தின் வாட்ச்மேன் அண்ணனிடம் படிக்கக் கொடுங்கள். ஒரு மாதம் முழுக்கப் பார்வையாளரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவர். அவருக்குப் புரியாத வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

எப்படி நுழைவது?

கியூரேட்டர் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்பதில்லை. நுண்கலைக் கல்லூரி, காட்சித் தொடர்பியல், வரலாறு, மானுடவியல் என்று பல வாசல்கள். உண்மையான கல்வி, மாட்டும் வேலையில் உதவியாளராக நிற்பதில் கிடைக்கிறது. சென்னை போட்டோ பியனாலே, கொச்சி-முசிறி பியனாலே, கோவாவின் செரண்டிபிட்டி கலைவிழா போன்றவை நடக்கும்போது கைகள் தேவைப்படும். தன்னார்வலராகப் போய்ச் சுவரோடு பழகுங்கள். ஆவணக் காப்பகங்களும் நல்ல பள்ளிகள். புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு எண்ம வடிவில் சேமித்திருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெங்களூருவில் ‘மேப்’ அருங்காட்சியகம் என்று பழைய காகிதத்தோடு பொறுமையாக இருக்கத் தெரிந்தவர்களுக்கு இடமுண்டு. ஸ்கேன் செய்தபடி பத்தாயிரம் படங்களைப் பார்த்தவரின் கண் வேறு.

முதல் கண்காட்சிக்குக் கேலரி தேடி அலையாதீர்கள். ஊர் நூலகம், பள்ளி மண்டபம், கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் எதுவும் ஆகும். பதினைந்து படங்களை, ஒரு கேள்வியோடு, ஒழுங்கான உயரத்தில் மாட்டுங்கள். அதை நன்றாகப் படமெடுத்து வையுங்கள். அதுதான் உங்கள் சுயவிவரம்.

பணம்: அச்சு, பிரேம், போக்குவரத்து, விளக்கு, குறிப்பு அச்சிடல், காப்பீடு எல்லாவற்றையும் எழுதியபின் உங்கள் ஊதியத்தை எழுதுகிறவர்கள் அதிகம். அதை முதலில் எழுதுங்கள். புகைப்படக்காரருக்கான தொகை இரண்டாவது. எதிர்பாராச் செலவுக்குப் பத்து முதல் பதினைந்து சதவீதம் ஒதுக்குங்கள். தொகையை மூன்று தவணையாகக் கேளுங்கள்: கையெழுத்தானதும் ஒன்று, இறுதிப் பட்டியல் முடிந்ததும் ஒன்று, திறப்புக்கு முன் ஒன்று. முடிந்தபின் தருகிறோம் என்பதைக் கனிவாக மறுத்துவிடுங்கள். ‘உங்களுக்கு இது நல்ல வாய்ப்பு’ என்று மட்டும் சொல்பவரிடம், அந்த வாய்ப்பில் அச்சகக்காரருக்கும் காசு கிடையாதா என்று கேட்கலாம்.

கால அட்டவணையைத் திறப்பு நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மாட்டுவதற்கு மூன்று நாள். விளக்குக்கு ஒரு முழு நாள், அது மாட்டும் நாளோடு சேராது. பிரேம் கடைக்கு இரண்டு வாரம், தீபாவளி, பொங்கல் குறுக்கே வந்தால் மூன்று. படங்கள் வந்ததும் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, கீறல், மடிப்பு, கறை இருந்தால் தேதியோடு எழுதி, போனில் படமெடுத்துக்கொண்டு, படத்தைக் கொடுத்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். காப்பீடு, படம் உரியவரின் சுவரிலிருந்து இறங்கும் நொடியிலிருந்து திரும்பப் போய்த் தன் ஆணியில் ஏறும் நொடி வரை இருக்க வேண்டும். சேதங்கள் பெரும்பாலும் நடப்பது லாரியிலும் படிக்கட்டிலும்தான்.

கண்காட்சி நடக்கும் நாள்களில் தினமும் ஒரு மணி நேரம் மூலையில் நின்று கால்களைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எங்கே வேகமெடுக்கிறார்கள், எந்தக் குறிப்பின் முன் குனிகிறார்கள் என்று எழுதி வையுங்கள். இரண்டாம் வாரத்தில் ஓரிரு படங்களை இடம் மாற்றத் தயங்க வேண்டாம்.

இறக்கும் நாளையும் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். படங்கள் வந்தபோது எழுதிய குறிப்போடு ஒவ்வொரு படத்தையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக் கட்டுங்கள். கடனாக வாங்கியவை உரியவரிடம் போகட்டும். கண்காட்சிக்காகவே அச்சிட்டவற்றை என்ன செய்வது என்பதைப் புகைப்படக்காரரோடு முன்பே பேசியிருந்தால், படத்தில் இருப்பவர்களின் வீட்டுக்கு அவற்றை அனுப்பலாம். முகவரிகளைப் படக்குறிப்புக்காகத் தேடியபோதே வாங்கி வைத்திருப்பீர்கள்.